அடுத்த ஆள் யார்? இந்திய வேகப்பந்து வீச்சின் 89 ஆண்டுக் கதை



பதிவு கொஞ்சம் நீளம். அவசரம் இல்லாத நேரத்தில் படியுங்கள். பரீட்சை வைக்க மாட்டேன்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் அந்த ஊர்க் கால்பந்தைப் பற்றி எழுதியிருந்தார். அங்கே கால்பந்து என்றால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, முட்டி மோதும் ஆட்டம். களத்தில் ஒரு பக்கம் 11 பேர்தான். ஆனால் அணிப் பட்டியலில் 53 பேர். அதற்கு மேல் பயிற்சிக்கென்றே 16 பேர். தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று, ஓடி வருகிறவனைப் பிடித்துச் சாய்க்கிறவனுக்கு லைன்பேக்கர் என்று பெயர். அடிபடும் வேலை அது. ஆகவே முதல் ஆள், அவனுக்கு அடுத்த ஆள், அவனுக்கும் அடுத்த ஆள் என்று வரிசை போட்டு வைத்திருப்பார்களாம். அடுத்த ஆள் சும்மாவும் உட்காருவதில்லை. பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும்போது பாய்ந்தோடி மறிக்கிற வேலை பெரும்பாலும் அவனுக்குத்தான். இதையெல்லாம் எழுதிவிட்டு, "நம்ம ஊர் விளையாட்டில் இப்படி ஏதாவது உண்டா சார்?" என்று கேட்டிருந்தார்.

உண்டு தம்பி. நம் கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சு அப்படிப்பட்ட வேலைதான். முதுகு, முழங்கால், தோள் என்று ஏதாவது ஒன்று எப்போதும் கெடும். அதற்கு நாமும் ஒரு மாற்று வரிசை கட்டியிருக்கிறோம். கட்டி முடிக்க 89 வருடம் ஆயிற்று. அந்தக் கதையில் நம் பக்கத்து மாவட்டத்துப் பையன் ஒருவனும் வருகிறான்.

1932 ஜூன் 25. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியது. தலைவர் சி.கே. நாயுடு. புதுப்பந்தை எடுத்தவர்கள் முகமது நிசார், அமர் சிங் என்ற இரண்டு வேகப்பந்து வீச்சாளர்கள். கொஞ்ச நேரத்திலேயே இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட்டை இழந்தது. அந்த இன்னிங்ஸில் நிசார் மட்டும் 5 விக்கெட் எடுத்தார். "நம் சாப்பாட்டுக்கும் உடம்புக்கும் வேகப்பந்து ஒத்து வராது" என்று பின்னாளில் பேசினார்களே, அது முதல் நாளே பொய்யாகிவிட்டது. நம் டெஸ்ட் கிரிக்கெட் பிறந்ததே வேகப்பந்தோடுதான்.

நம்மிடம் இல்லாதது அடுத்த ஆள். நிசார் ஆடியது 6 டெஸ்ட், அமர் சிங் ஆடியது 7 டெஸ்ட். 1940-இல் அமர் சிங் 29 வயதில் இறந்துபோனார். 1947-இல் நாடு பிரிந்தபோது நிசார் பாகிஸ்தானுக்குப் போனார். ஆஸ்திரேலியப் பயணத்துக்கு இந்திய அணியில் தேர்வாகியிருந்த ஃபசல் மஹ்மூதும் அந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1952-இல் லக்னோவில் அதே ஃபசல் பாகிஸ்தானுக்காகப் பந்து வீசி நம்மிடம் 12 விக்கெட் எடுத்தார். பாகிஸ்தானின் முதல் டெஸ்ட் வெற்றி அது. பிரிவினையை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் இரண்டு மூன்று பேர் போனதும் ஒரு நாட்டின் பந்துவீச்சு காலியாகிறது என்றால், அவர்களுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை என்று அர்த்தம்.

இதன் விளைவு மட்டையாட்டத்திலும் தெரிந்தது. உள்ளூரில் வேகமாக வீச ஆள் இல்லாவிட்டால், வேகமான பந்தை ஆடிப் பழகுவது எப்படி? 1952-இல் லீட்ஸ் மைதானத்தில் ஃபிரெட் ட்ரூமன் என்ற இளைஞர் முதல் டெஸ்ட் ஆட வந்தார். நம் இரண்டாவது இன்னிங்ஸில் ரன் எதுவும் எடுக்கும் முன்பே 4 விக்கெட் போயிற்று. பலகையில் 0-க்கு 4. பத்து வருடம் கழித்து, 1962-இல் பார்படாஸில் சார்லி கிரிஃபித் வீசிய பந்து நம் தலைவர் நாரி காண்ட்ராக்டரின் தலையைத் தாக்கியது. உயிர் பிழைத்ததே பெரிது. அதன்பின் அவர் இந்தியாவுக்காக ஆடவே இல்லை.

அந்த அதிர்ச்சியில் கிரிக்கெட் வாரியம் ஒரு விநோதமான காரியம் செய்தது. 1962-63 பருவத்துக்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து நான்கு வேகப்பந்து வீச்சாளர்களைக் கூட்டி வந்து ரஞ்சிக் கோப்பையில் ஆட வைத்தது. ராய் கில்கிறிஸ்ட், செஸ்டர் வாட்சன், சார்லி ஸ்டேயர்ஸ், லெஸ்டர் கிங். நம் மட்டையாளர்கள் வேகத்தைப் பார்த்துப் பழகட்டும் என்பது திட்டம். ஒரு பருவம் பழகினார்கள், சரி. அந்த நால்வரும் ஊருக்குத் திரும்பிய பிறகு? பழைய கதைதான். இரவல் வாங்கிய ஏரைக் கொண்டு ஒரு போகம் உழலாம். ஒவ்வொரு வருடமும் இரவல் கிடைக்குமா?

பிறகு சுழற்பந்துக் காலம். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், நம் சென்னை வெங்கட்ராகவன். உலகமே வியந்த நால்வர். அவர்களைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் 1967-இல் பர்மிங்ஹாமில் நால்வரையும் ஒரே டெஸ்டில் சேர்த்து ஆட வைத்தபோது புதுப்பந்தை வீச ஒழுங்கான ஆள் இல்லை. விக்கெட் கீப்பராகப் பெயர் எடுத்த புதி குந்தரன் வந்து புதுப்பந்து வீசினார்! கணக்கு வாத்தியார் நான்கு பேர் இருக்கும் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்துக்கு வாட்ச்மேனை அனுப்பிய மாதிரி. 1976-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் மைதானத்தில் காயங்களால் இரண்டாவது இன்னிங்ஸில் நம்மவர்கள் ஐந்து பேர் மட்டை பிடிக்கவே வர முடியவில்லை. 97 ரன்னோடு இன்னிங்ஸ் முடிந்தது.

1978-இல் கபில் தேவ் வந்தார். 131 டெஸ்ட், 434 விக்கெட். 1994 வரை பதினாறு வருடம். இடையில் ஒரே ஒரு டெஸ்டில்தான் அவர் இல்லை, அதுவும் காயத்தால் அல்ல. 1983 உலகக் கோப்பையும் அவர் தலைமையில்தான் வந்தது. ஆனால் பிள்ளைகளே, அவரால் ஒரு தீமையும் நடந்தது. அது அவர் குற்றம் இல்லை. ஓராசிரியர் பள்ளியில் அந்த ஒருவர் லீவே எடுக்காதவராக இருந்தால், இன்னோர் ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணமே மேலிடத்துக்கு வராது. அவர் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில்தான் கதவைத் திறக்க ஆள் இல்லை என்று தெரியும்.

அந்த நாள் வருமுன்பே யோசித்தது ஒரு டயர் கம்பெனி என்பது நமக்குப் பெருமை. 1987-இல் எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ரவி மாம்மன் சென்னையில் வேகப்பந்துக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷன். இடம், சேத்துப்பட்டில் உள்ள கிறித்துவக் கல்லூரி மேல்நிலைப் பள்ளி மைதானம். சொல்லிக் கொடுக்க ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லியைக் கொண்டு வந்தார்கள். கூடவே இந்தியாவுக்கு ஆடிய நம் ஊர் டி.ஏ. சேகர். பந்தை எப்படிப் போடுவது என்பதோடு நிற்கவில்லை. எப்படி ஓடி வருவது, முதுகு கெடாமல் உடம்பை எப்படித் திருப்புவது, எதைச் சாப்பிடுவது, எப்போது ஓய்வெடுப்பது என்று எல்லாமே பாடம். வேகப்பந்து வீச வேண்டும் என்று வந்த ஒரு மும்பைச் சிறுவனை, "நீ போய் மட்டை பிடி" என்று லில்லி அனுப்பிவைத்தார். அந்தச் சிறுவன் சச்சின் டெண்டுல்கர். ஒருவனுக்கு எது வரும், எது வராது என்று காலத்தோடு சொல்வதும் ஆசிரியர் வேலைதானே.

1989-இல் விவேக் ரஸ்தான் அந்தப் பள்ளியிலிருந்து டெஸ்ட் அணிக்குப் போனார். பிறகு ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத், ஜாகீர் கான், இர்ஃபான் பதான், முனாஃப் படேல் என்று வரிசை நீண்டது. இளைஞனாக இங்கே பயிற்சி எடுத்த ஆஸ்திரேலியர் கிளென் மெக்ராத், 2012-இல் லில்லியின் இடத்துக்கே இயக்குநராக வந்தார்.

ஆள் தயாரானால் மட்டும் போதுமா? போதாது. ஸ்ரீநாத்தைப் பாருங்கள். 1991-இல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட் ஆடினார். சொந்த நாட்டில் முதல் டெஸ்ட் ஆட அவருக்கு 1994 கடைசி வரை ஆயிற்று. உள்ளூரில் சுழல் ஆடுகளம், கபில் ஒருவர் போதும் என்று வெளியே உட்கார வைத்தார்கள். ஒரு வேகப்பந்து வீச்சாளனின் நல்ல வயது எத்தனை வருடம்? அதில் மூன்று வருடம் போயிற்று. அடுத்த ஆள் இருந்தும், அவனுக்கு ஆட்டம் தரவில்லை.

2011-இல் இன்னொரு பாடம். லார்ட்ஸ் டெஸ்டின் முதல் நாளே ஜாகீர் கானுக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. தொடரின் கடைசி டெஸ்டுக்கு, மூன்று வருடத்துக்கு மேல் டெஸ்டே ஆடாத ஆர்.பி. சிங்கை விடுமுறையிலிருந்து அழைத்து வந்தார்கள். நல்ல பந்துவீச்சாளர்தான், 2007-இல் அதே இங்கிலாந்தில் சாதித்தவர். ஆனால் உடம்பும் கையும் ஆட்டத்தில் இல்லை. தொடரை 4-0 என்று தோற்றோம்.

பட்டியலில் பெயர் இருப்பது வேறு, ஆடிக்கொண்டே காத்திருப்பது வேறு. இது புரிந்த பிறகுதான் காரியம் ஒழுங்காக நடந்தது. பெங்களூரு தேசிய கிரிக்கெட் அகாடமி 2000-இலேயே தொடங்கியிருந்தது. 2015-இல் ராகுல் டிராவிட் இந்தியா 'ஏ' அணிக்கும் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் பயிற்சியாளரானார். இரண்டாம் வரிசைப் பையன்கள் முதல் வரிசைக்கு முன்பே வெளிநாட்டு மண்ணில் ஆடிப் பழகினார்கள். ஐ.பி.எல். ஆட்டங்களில் உலகின் பெரிய மட்டையாளர்களுக்குப் பந்து வீசிப் பயமும் தெளிந்தது.

இனி 2020 டிசம்பர். கொரோனாக் காலத்து ஆஸ்திரேலியப் பயணம். நடுவில் யாரையும் ஊரிலிருந்து சட்டென்று வரவழைக்க முடியாது, தனிமைப்படுத்தல் விதி. ஆகவே வலைப் பயிற்சியில் பந்து போடுவதற்கென்றே சில பையன்களையும் கூட்டிப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் டி. நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. நம் ஊரிலிருந்து சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர், வாழப்பாடி தாண்டிச் சேலம், அதற்கும் அப்பால்.

அந்தத் தொடரில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இஷாந்த் சர்மா காயத்தால் பயணமே வரவில்லை. அடிலெய்டில் நாம் 36 ரன்னில் சுருண்ட அன்றே முகமது ஷமியின் கை முறிந்தது. தலைவர் கோலி மகப்பேறு விடுப்பில் ஊர் திரும்பினார். மெல்போர்னில் ஷமி இடத்துக்கு முகமது சிராஜ் வந்தார். ஹைதராபாத் ஆட்டோ ஓட்டுநரின் மகன். ஆஸ்திரேலியா போன சில நாளில் அப்பா இறந்த செய்தி வந்தும், ஊர் திரும்பாமல் அணியோடு தங்கியவர். அதே மெல்போர்னில் உமேஷ் யாதவுக்குக் கெண்டைக்கால் போயிற்று. சிட்னியில் நவ்தீப் சைனி வந்தார். சிட்னியில் பும்ராவுக்கு வயிற்றுத் தசை, ஜடேஜாவுக்குக் கட்டைவிரல், அஸ்வினுக்கு முதுகு.

2021 ஜனவரி 15, பிரிஸ்பேன் கப்பா மைதானம். 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா அங்கே ஒரு டெஸ்டும் தோற்றதில்லை. நம் பந்துவீச்சாளர்கள் ஐந்து பேர். சிராஜ், சைனி, ஷர்துல் தாக்கூர், நடராஜன், அஸ்வின் இடத்தில் வாஷிங்டன் சுந்தர். ஐவரும் அதுவரை எடுத்திருந்த டெஸ்ட் விக்கெட்டுகளைக் கூட்டினால் 11. எதிரே ஸ்டார்க், கம்மின்ஸ், ஹேசில்வுட், லயன் நால்வரும் சேர்ந்து ஆயிரத்துக்கு மேல். அதுவும் போதாதென்று சைனி தன் எட்டாவது ஓவரில் இடுப்புப் பக்கம் தசை பிடித்து வெளியேறினார். அந்த ஓவரின் மிச்சப் பந்தை ரோகித் சர்மா போட்டார்.

கதை இங்கே 1967 மாதிரி முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முதல் இன்னிங்ஸில் நடராஜன், தாக்கூர், சுந்தர் ஆளுக்கு 3 விக்கெட். நாம் 186-க்கு 6 என்று தடுமாறியபோது சுந்தரும் தாக்கூரும் சேர்ந்து 123 ரன் எடுத்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் சிராஜ் 5, தாக்கூர் 4. வெற்றிக்கு 328. கில் 91, புஜாரா 56, கடைசி வரை நின்ற பந்த் 89. ஜனவரி 19 மாலை 3 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். தொடர் 2-1. நான்கு டெஸ்டில் நாம் களமிறக்கியது 20 பேர். ஒரு காலத்தில் இரண்டு பேர் போனதும் காலியான நாடு இது.

இதை அதிர்ஷ்டம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நடராஜன் அந்த இடத்துக்கு வந்த வழியைப் பாருங்கள். அப்பா நெசவுக் கூலி, அம்மா சாலையோரக் கடை. இருபது வயது வரை டென்னிஸ் பந்துதான். ஊர்க்காரரான ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். லீக் ஆட்டத்தில் நான்காம் டிவிஷன் தொடக்கம். 2015-இல் ரஞ்சி அணிக்கு வந்ததும், பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று புகார். அத்தோடு ஊர் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். இவரை விட்டுவிடாமல் சங்கத்துப் பயிற்சியாளர்கள் கூட இருந்து முறையைத் திருத்தினார்கள். 2016-இல் டி.என்.பி.எல்., 2017-இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது, பிறகு ஹைதராபாத் அணி, 2020 ஐ.பி.எல்.லில் யார்க்கராகப் போட்டு 16 விக்கெட். ஆஸ்திரேலியாவில் முதலில் வருண் சக்கரவர்த்திக்குத் தோள் வலி என்று இருபது ஓவர் அணியில் இடம். சைனிக்கு முதுகு என்று ஒருநாள் அணியில் இடம். உமேஷுக்குக் காயம் என்று டெஸ்ட் அணியில் இடம். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். டெஸ்ட் தொப்பி எண் 300. அடுத்த எண் 301 வாஷிங்டன் சுந்தருக்கு. இரண்டும் தமிழ்நாடு.

கதவு திறந்த அன்று ஆளைத் தேடினால் கிடைக்காது. தேவைப்படுவானா என்றே தெரியாத ஒருவனுக்காக, பல வருடம் முன்பே யாரோ நேரமும் பணமும் செலவழித்திருக்க வேண்டும். அதுதான் இந்த 89 வருடக் கதையின் சாரம்.

இன்னொரு பக்கமும் உண்டு. கட்டியதைக் காப்பாற்றாவிட்டால் இடிந்து விழும். ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், மார்ஷல் என்று நம்மை மிரட்டிய மேற்கிந்தியத் தீவுகளுக்கு, 2000-இல் ஆம்ப்ரோஸும் 2001-இல் வால்ஷும் ஓய்வு பெற்றபின் அந்த மாதிரி வரிசை திரும்பவில்லை. மாற்று ஆளுக்கும் உடம்பு ஒன்றுதான் என்பதையும் மறக்கக் கூடாது. கப்பா முடிந்த மூன்று மாதத்தில் நடராஜனுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. இதுவரை அவர் ஆடியது அந்த ஒரே டெஸ்ட். கைதட்டிய நாம் அதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அவர் உட்கார்ந்து புலம்பவில்லை. சொந்த ஊரில் ஏற்கெனவே பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து வந்தார், 2023-இல் ஒரு மைதானமும் திறந்தார். அதே சின்னப்பம்பட்டியிலிருந்து ஜி. பெரியசாமி என்பவர், 2019-இல் டி.என்.பி.எல். கோப்பை வென்ற சேப்பாக் சூப்பர் கில்லீஸ் அணிக்குப் பந்து வீசினார். ஒரு கிராமத்தில் ஒருவன் வந்தால் தற்செயல் எனலாம். அவனுக்குப் பின்னால் அடுத்தவன் வந்தால் அது வரிசை.

ஏன் இத்தனை நீளமாக எழுதுகிறேன் என்றால், கருணாபுரம் என்ற பெயர் 2024 ஜூனில் எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்னப்பம்பட்டியின் பெயரும் தொலைக்காட்சியில்தான் வந்தது. ஒரு விளையாட்டு எல்லாத் துயரத்தையும் சரிசெய்துவிடும் என்று சொல்லும் அளவுக்கு நான் வெகுளி இல்லை. ஆனால் நம் தெருக்களில் மாலையில் மட்டையும் டென்னிஸ் பந்துமாக நிற்கும் பிள்ளைகளுக்கு, தங்களை யாரோ கணக்கில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அது இல்லாத பிள்ளையைத்தான் வேறு ஏதாவது வந்து பிடித்துக்கொள்கிறது.

உங்களில் பலர் ஊரில் அணி நடத்துகிறீர்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கோப்பை வைத்துப் போட்டி நடத்துகிறீர்கள். சிலர் மலையில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அணியில் தண்ணீர் பாட்டில் தூக்கும் பன்னிரண்டாவது பையன் யார்? அவன் பெயரை நாளைக்கு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஆட்டத்தில், ஜெயிப்போமா தோற்போமா என்று கணக்குப் பார்க்காமல், அவனுக்கு இரண்டு ஓவர் கொடுங்கள். என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
கருணாபுரம், கள்ளக்குறிச்சி.